அடிக்குப் பத்து அங்குலம் போட்ட மகனுக்கு

அன்பு மகனுக்கு உன் உம்மாவின் சலாம். நாகூரில் சின்னம்மாவுக்கும் பிள்ளைகளுக்கும் என் சலாத்தைச் சொல். இதைச் சொல்கிறவள் நான், எழுதுகிறவள் உன் தங்கை. இன்று வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து வந்த உன் பெரிய மாமா சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். நான் அடுக்களை வாசலில் உட்கார்ந்து இறால் உரித்துக்கொண்டே சொல்கிறேன். அவள் கதவுக்கு உள்பக்கம் பாயில் குனிந்து எழுதுகிறாள். நான் பேசுகிற மாதிரி அவள் எழுதுவதில்லை, பாடப் புத்தகத்துத் தமிழாக மாற்றிக்கொள்கிறாள். அப்படித்தான் எழுத வேண்டுமாம். நாளைக் காலை பஸ்ஸில் மாமா நாகூர் வருகிறார்கள், அவர்கள் கையில் இதைக் கொடுத்துவிடுவேன். ஞாயிற்றுக்கிழமை நிதானமாக உட்கார்ந்து படி. ஏனென்றால் திங்கட்கிழமை காலை மணி அடிப்பதற்கு முன்னால் உனக்கு ஒரு வேலை இருக்கிறது. ஹெட்மாஸ்டர் அறைக்குப் போய், என்னை ஜெனரல் கணக்கு வகுப்பிலிருந்து காம்போசிட் கணக்கு வகுப்புக்கு மாற்றுங்கள் என்று நீயே வாயைத் திறந்து கேட்க வேண்டும். ஏன் கேட்க வேண்டும் என்பதைத்தான் இனிமேல் சொல்லப்போகிறேன். நான் சுற்றி வளைத்துப் பேசுகிறவள் என்று உனக்குத் தெரியும். பொறுத்துக்கொள்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ வந்திருந்தபோது புதுப் பள்ளிக்கூடத்துக் கதையெல்லாம் சொன்னாய். இங்கே காரைக்காலில் பிரெஞ்சுப் பள்ளியில் படித்து மீசை அரும்பிய பிறகு, அங்கே நாலாவது பாரம் என்கிற ஒன்பதாம் வகுப்பில் சின்னப் பையன்களோடு உட்கார்வது வெட்கமாக இருக்கிறது என்றாய். பிறகு, வெளியூரிலிருந்து வந்த பிள்ளைகளுக்குக் கணக்கில் ஒரு சோதனை வைத்தார்கள் என்று ஆரம்பித்தாய். ஓர் அறையின் நீளம் இத்தனை அடி இத்தனை அங்குலம், அகலம் இத்தனை அடி இத்தனை அங்குலம், தரைக்குக் கல் பதிக்க எத்தனை கல் வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். நீ இங்கே படித்ததெல்லாம் மீட்டரும் சென்டிமீட்டரும். எல்லாம் பத்துப் பத்தாக ஏறும், பத்துப் பத்தாக இறங்கும். அந்தப் பழக்கத்தில் அடிக்கும் பத்து அங்குலம் என்று வைத்துக்கொண்டு எல்லாக் கணக்கையும் போட்டுவிட்டாய். வழி சரி, விடை எல்லாம் தப்பு. வகுப்பே சிரித்ததையும், ஒருவன் உனக்குப் ‘பத்தங்குலம்’ என்று பெயர் வைத்துவிட்டதையும் நீ நடித்தே காட்டினாய். நானும் சிரித்தேன். அடிக்குப் பன்னிரண்டு அங்குலம் என்பது எனக்கும் அன்றைக்குத்தான் தெரியும். துணி எடுக்கும்போது கெஜமும் முழமும் போதும், அங்குலத்தோடு எனக்கு என்ன வேலை? கடைசியில் நீ போகிற போக்கில் ஒன்று சொன்னாய். “அதனால என்னை காம்போசிட் கணக்குல சேக்காம ஜெனரல் கணக்குல போட்டுட்டாங்க உம்மா. அது லேசுதான். பாஸ் பண்ணிரலாம்.” லேசு என்று கேட்டதும் எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. பிள்ளை சிரமப்படாமல் படிப்பான் என்று நினைத்துக்கொண்டேன்.

உன் தங்கை மட்டும் சிரிக்கவில்லை. நீ கவனித்தாயோ என்னவோ, அவள் தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டு, “நானா, தப்பு எங்க வந்துச்சுன்னு சார்கிட்ட சொல்லலையா?” என்று அண்ணனான உன்னைக் கேட்டாள். நீ சொன்ன பதில் இன்னும் என் காதில் இருக்கிறது. “சார்கிட்ட போய் என்னத்த சொல்றது, புள்ள. மரியாதையா இருக்காது.” அந்த வார்த்தை நீயாகச் சொன்னதில்லை, மகனே. நான் உன் வாயில் வைத்த வார்த்தை. பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசாதே, கேட்டால் மட்டும் பதில் சொல், கொடுத்ததை வாங்கிக்கொள் என்று உங்கள் இரண்டு பேரையும் நான் வளர்த்தேன். அவள் எப்படி ஆனாள் என்றால், மீன்காரி வந்தால்கூடக் கதவுக்குப் பின்னாலிருந்து கையை மட்டும் நீட்டுவாள். நீ வெளியே சிரித்துப் பேசுவாய், ஆனால் உனக்கு வேண்டியதைக் கேட்க வேண்டிய இடத்தில் உன் நாக்கு மடங்கிக்கொள்ளும். அதை நான் நல்ல வளர்ப்பு என்று நினைத்திருந்தேன். தெருவிலும் அப்படித்தான் சொன்னார்கள்.

நீ எப்போதும் அப்படி இருந்தவன் இல்லை. உனக்கு நினைவிருக்கிறதோ இல்லையோ, நீ சின்னப் பையனாக இருந்தபோது ஓர் ஐப்பசி மழையில் நம் வீட்டு முற்றத்தில் தண்ணீர் கட்டிக்கொண்டு நின்றது. பெரியவர்களெல்லாம் சட்டியால் மோந்து ஊற்றிக்கொண்டிருந்தோம். நீ மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கொல்லைப் பக்கம் போய், எங்கே தாழ்வு எங்கே மேடு என்று ஒரு கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றிப் பார்த்து, ஒரு வாய்க்கால் வெட்டினாய். முற்றத்துத் தண்ணீர் சொன்னபடி கேட்டு ஓடியது. நேராகப் பக்கத்து வீட்டு அடுக்களைக்குள் போனது. அந்த வீட்டு மாமி அடுப்பு விறகெல்லாம் மிதக்கிறது என்று சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வந்து நின்று, “இன்ஜினீயரு வீட்ல இருக்காரா? ஆத்தத் திருப்பி விட்ருக்காரு, கொஞ்சம் வந்து பாக்கச் சொல்லுங்க” என்றார்கள். நான் உன்னை அடிக்கக் கையை ஓங்கினேன். நீ ஓடிப்போய் அவர்கள் கொல்லையிலும் ஒரு வாய்க்கால் வெட்டி, இரண்டு வீட்டுத் தண்ணீரையும் சேர்த்துத் தெருச் சாக்கடையில் கொண்டுபோய் விட்டாய். அன்றிலிருந்து அந்த மாமிக்கு நீ இன்ஜினீயர்தான். கேலியாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நீதான் அதைக் கேலியாக எடுத்துக்கொள்ளவில்லை. அரசலாற்றுப் பாலத்தில் நின்றுகொண்டு தூணைச் சுற்றி ஓடும் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருப்பாய். நான் ரொட்டிக்கு மாவு வாங்கி வரச் சொல்லி அனுப்பியிருப்பேன், மாவு வந்து சேர சாயங்கால அஸர் தொழுகை நேரம் ஆகிவிடும். இன்ஜினீயருக்குப் படிக்க வேண்டும் என்று நீ எனக்குச் சொன்னதும் அந்தப் பாலத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோதுதான். அதனால்தான் உன்னை நாகூருக்கு அனுப்பினேன். இங்கே பிரெஞ்சுக் கொடி இறங்கி இந்தியக் கொடி ஏறிய பிறகு, பிரெஞ்சுப் படிப்பை மட்டும் வைத்துக்கொண்டு இன்ஜினீயர் காலேஜுக்குப் போக முடியாது என்று எல்லோரும் சொன்னார்கள். எல்லையில் இருக்கும் வாஞ்சூரைத் தாண்டி அந்தப் பக்கத்துப் பள்ளியில் படித்து, அந்தப் பக்கத்துப் பரீட்சை எழுதினால்தான் வழி என்றார்கள். எந்த வகுப்பு, எந்தப் பாடம் என்று யாரும் சொல்லவில்லை. எனக்கும் கேட்கத் தெரியவில்லை. பள்ளியில் சேர்த்துவிட்டால் போதும், மீதியை வாத்தியார்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று இருந்துவிட்டேன்.

நீ போன பிறகு உன் தங்கை இரண்டு நாள் சரியாகப் பேசவில்லை. அவள் பேசாமல் இருப்பது ஒன்றும் புதிதில்லை என்றாலும், இது வேறு மாதிரி இருந்தது. புதன்கிழமை காலை, “ஜெனரல் கணக்கு படிச்சா இன்ஜினீயர் ஆவ முடியுமான்னு யார்கிட்டயாவது கேக்கணும் உம்மா” என்றாள். யாரிடம் கேட்பது? உன் வாப்பா சைகோனில் இருக்கிறார்கள். கடிதம் போய்ப் பதில் வருவதற்குள் உங்கள் பள்ளியில் பாதி வருஷம் ஓடிவிடும். பெரிய மாமாவைக் கேட்கச் சொன்னால், ‘யாரையும் தொந்தரவு பண்ண வேணாம்’ என்பார்கள். பின் தெருவில் பாலம், மதகு கட்டும் வேலையை மேற்பார்க்கிற ஓவர்சியர் குடியிருக்கிறாரே, கும்பகோணத்துப் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்தவர், அவரைக் கேட்கலாம் என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. யார் போய்க் கேட்பது, நீயா என்றேன். அவள் உள்ளே போய்த் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு வந்து நின்றாள். இந்த இடத்தில் எழுதுவதை நிறுத்திவிட்டு, தன்னைப் பற்றி எழுத மாட்டேன் என்கிறாள். எழுது, உன் நானாவுக்குத் தெரிய வேண்டும் என்கிறேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு எழுதுகிறாள். நான் சொல்கிறதை விடாமல் எழுதுகிறாளா என்று படிக்கத் தெரியாத எனக்கு எப்படித் தெரியும், பேனா ஓடுகிற சத்தம் மட்டும் கேட்கிறது.

நானும் கூடப் போனேன். கொல்லை வழியாகப் போனால் அந்த வீட்டு அடுக்களைப் பக்கம் வந்துவிடலாம். ஓவர்சியர் வீட்டம்மாவோடு எனக்குப் பழக்கம் உண்டு, நோன்புக்கு நான் கஞ்சி கொடுத்தனுப்பினால் பொங்கலுக்கு அவர் கரும்பு கொடுத்தனுப்புவார். ஓவர்சியர் சாப்பிட வந்திருந்தார், கூடத்தில் இலை போட்டு உட்கார்ந்திருந்தார். நாங்கள் அடுக்களையில், நடுவில் ஒரு கதவு. உன் தங்கை அந்த அம்மாவின் காதில் மெதுவாக ஒரு கேள்வி சொல்வாள். அந்த அம்மா கரண்டியோடு கூடத்துக்குப் போய், சாம்பாரையும் ஊற்றிவிட்டுக் கேள்வியையும் கேட்டுவிட்டு, பதிலை வாங்கிக்கொண்டு வருவார். முதல் கேள்வியே பாதி வழியில் மாறிவிட்டது. காம்போசிட் கணக்கு என்றால் என்ன என்று இவள் கேட்டதை, கணக்கு எழுதுகிற வேலை கிடைக்குமா என்று அந்த அம்மா அங்கே கேட்டிருக்கிறார். சைகோனில் கடை இருக்கும்போது இங்கே எதற்குக் கணக்கு வேலை என்று பதில் வந்தது. மறுபடி போனார். இந்த முறை ரசம். அப்புறம் மோர். ஒவ்வொரு பதிலுக்கும் இவளிடம் இன்னொரு கேள்வி இருந்தது. அந்த அம்மாவுக்குக் கால் வலித்துவிட்டது போலிருக்கிறது. “இந்தா பொண்ணு, நானென்ன தபால்காரியா? அவரு ஒன்னும் புலியில்ல. சோத்தத்தான் திங்குறாரு. நீயே கேளு” என்று சொல்லிவிட்டுப் பால் இறக்க அடுப்புப் பக்கம் போய்விட்டார்.

நான் எழுந்து, போகலாம் வா என்று இவள் கையைப் பிடித்தேன். இவள் என் கையை விடுவித்துக்கொண்டாள். கதவுக்கு இந்தப் பக்கமே நின்றுகொண்டு, தலையைக் குனிந்தபடி, ஆனால் கூடத்துக்குக் கேட்கிற குரலில் கேட்டாள். “எங்க நானாவ ஜெனரல் கணக்குல போட்டுட்டாங்க. அதுல படிச்சா இன்ஜினீயர் காலேஜுல சேத்துக்குவாங்களா?” கூடத்திலிருந்து ஓவர்சியர், “மாட்டாங்கம்மா” என்றார். “பாஸ் பண்ணலாம், உத்தியோகத்துக்குப் போகலாம். ஆனா காலேஜுல கணக்குப் பிரிவுல இடம் கொடுக்க மாட்டாங்க. கணக்குப் பிரிவு இல்லன்னா இன்ஜினீயர் காலேஜு கேட்டுக்குள்ளயே விட மாட்டாங்க.” லேசு என்று நான் சந்தோஷப்பட்டேனே, அந்த லேசான வகுப்பு எங்கே கொண்டுபோய் விடும் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நீ சிரித்துக்கொண்டே சொன்னாயே, அந்த ஒரு நாள் சோதனையில் உன் பாலம் போய்விட்டது. உனக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

இவள் அதோடு விடவில்லை. நீ எப்படித் தப்புப் போட்டாய் என்று அடி அங்குலக் கதையை அப்படியே சொன்னாள். கூடத்தில் அவருக்குப் புரையேறிவிட்டது. சிரிக்கிறாரே என்று எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அவர் தன்னை நினைத்துத்தான் சிரித்திருக்கிறார். இங்கே வந்த புதிதில், பழைய பிரெஞ்சு ஆபீஸில் இருந்த வரைபடம் ஒன்றைப் பார்த்து மதகு கட்டக் கல் இறக்கச் சொன்னாராம். படத்தில் அகலம் மூன்று என்று போட்டிருந்ததை மூன்று அடி என்று எடுத்துக்கொண்டாராம். அது மூன்று மீட்டர். இறக்கிய கல் ஒரு பக்கச் சுவருக்கே போதவில்லை. அந்த அம்மா பால் பாத்திரத்தோடு கதவருகே வந்து, “ஆட்டுக்குட்டி போற அளவுக்கு ஒரு மதகு கட்டப் பாத்தாரு இவரு” என்று எடுத்துக் கொடுத்தார். “அதுக்காக என்னை வேலய விட்டுத் தூக்கிட்டாங்களா?” என்றார் ஓவர்சியர். “அளவு தெரியாதது வேற, கணக்கு தெரியாதது வேறம்மா. அடிக்குப் பன்னண்டுன்னு ஒரு நாள்ல சொல்லிக் கொடுத்துரலாம். கணக்கு போடுற புத்திய ஒரு நாள்ல சொல்லிக் கொடுக்க முடியாது. உங்க நானா போயி இத சொன்னா ஹெட்மாஸ்டருக்குப் புரியும்.” ஆனால் சீக்கிரம் போக வேண்டும் என்றார். பள்ளி திறந்த முதல் சில வாரத்தில்தான் வகுப்பு மாற்றுவார்களாம். எந்தப் பிள்ளைக்கு எந்தப் பாடம் என்று முடிவாகிவிட்டால், ஆறாவது பாரம் முடிகிறவரை அசைக்க முடியாதாம். வேண்டுமானால் தானே ஒரு சீட்டு எழுதித் தருகிறேன், பையன் கொண்டுபோய்க் கொடுக்கட்டும் என்றார். எவ்வளவு பெரிய உதவி. நான் வாங்கிக்கொள்ளலாம் என்று வாயெடுப்பதற்குள் இவள், “வேணாங்க. எங்க நானாவே கேப்பாங்க” என்று சொல்லிவிட்டாள்.

வரும் வழியில் கொல்லையில் வைத்து இவளைத் திட்டினேன். சும்மா வந்த சீட்டை எதற்கு வேண்டாம் என்றாய், உன் நானா கேட்பான் என்று உனக்கு எப்படித் தெரியும் என்றேன். “சீட்டுல எழுதுனது ஹெட்மாஸ்டருக்குப் போகும் உம்மா. அப்புறம் அந்த வகுப்புல உக்காந்து, புரியலன்னா எந்திரிச்சு கேக்கணுமே. அதுக்கு யாரு சீட்டு தருவாங்க?” என்றாள். அஞ்சாம் வகுப்போடு நிறுத்திய பெண். பெரியவளானதும் எல்லோர் வீட்டிலும் போல நாங்களும் நிறுத்தினோம். பள்ளியில் இருந்தபோதும் இவள் கையைத் தூக்கிக் கேள்வி கேட்டதாக எந்த வாத்தியாரம்மாவும் சொன்னதில்லை. இதை எழுதாமல் தாண்டிப் போகப் பார்க்கிறாள், நான் பக்கத்தில் வந்து நின்றுகொண்டு எழுத வைக்கிறேன்.

உன் பெரிய மாமாவைப் பற்றியும் உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். நாளைக்கு இந்தக் கடிதத்தைச் சுமந்து வரப்போகிறவர்கள் அவர்கள்தான், அவர்களிடமே கேட்டுவிட்டுத்தான் சொல்கிறேன். பிரெஞ்சுக்காரர் காலத்தில் மாமா பள்ளிப் படிப்பு முடித்துச் சுங்க ஆபீஸில் வேலைக்குப் போய் நின்றார்கள். துவான் என்று சொல்வோமே, அந்த ஆபீஸ். வந்து நின்ற பையன்களைப் பார்த்து வெள்ளைக்காரத் துரை, யாருக்கு நன்றாக எழுத வரும் என்று பிரெஞ்சில் கேட்டார். மாமாவின் கையெழுத்து அச்சுப் போல இருக்கும், பள்ளியில் எல்லோருக்கும் தெரியும். துரை கேட்டதும் புரிந்தது. ஆனாலும் தன்னைத் தானே முன்னால் தள்ளிக்கொள்வது மரியாதை இல்லை என்று தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பக்கத்தில் நின்ற பையன் ஓர் அடி முன்னால் வந்தான். அவனுக்கு எழுத்து வேலை கிடைத்தது. மாமாவுக்கு வாஞ்சூர் எல்லைச் சாவடியில் தடுப்பு மூங்கிலைத் தூக்கி இறக்குகிற வேலை கிடைத்தது. வண்டி வந்தால் இறக்க வேண்டும், சோதனை முடிந்தால் தூக்க வேண்டும். கொடி மாறிச் சாவடியை எடுக்கிறவரை அதையேதான் செய்தார்கள். மாமா அதைச் சிரித்துக்கொண்டுதான் சொல்வார்கள். “நான் தூக்குன மூங்கிலுக்குக் கீழதான் இந்த ஊரே குனிஞ்சு போச்சு” என்பார்கள். இன்றைக்கு ஜும்ஆ முடிந்து சாப்பிடும்போது உன் விஷயத்தைச் சொன்னேன். வழக்கம் போல, எதுக்குப் போய்த் தொந்தரவு பண்ணிக்கிட்டு என்று சொல்வார்கள் என்றுதான் நினைத்தேன். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தவர்கள், “அவனைக் கேக்கச் சொல்லு” என்றார்கள். கை கழுவும்போது, தன்னைப் பற்றி எழுதினாலும் பரவாயில்லை என்றார்கள்.

இனி நீ எடுக்க வேண்டிய பாடங்களைச் சொல்கிறேன். ஓவர்சியர் சொன்னதை உன் தங்கை மனதில் வாங்கிக்கொண்டு வந்து சொன்னாள், நான் என் வழியில் சொல்கிறேன். கணக்கு முதலில். காம்போசிட் வகுப்பில் ஆல்ஜீப்ரா, ஜியாமெட்ரி எல்லாம் முழுசாக வரும். அது கடினம்தான், முதல் பரீட்சையில் மதிப்பெண் குறையும், பயப்படாதே என்றார். விருப்பப் பாடத்தில் ஹிஸ்டரி எடுத்தால் மனப்பாடம் செய்து தப்பித்துவிடலாம் என்று கூட இருக்கும் பிள்ளைகள் இழுப்பார்கள். நீ சயின்ஸ் பக்கம் போ. ட்ராயிங் வகுப்பைப் பொம்மை போடுகிற வகுப்பு என்று நினைத்துவிடாதே. கட்டப்போகிற ஒன்றை முதலில் காகிதத்தில் கட்டிப் பார்ப்பதுதான் இன்ஜினீயர் வேலையில் பாதி என்றார். சில பள்ளிகளில் தச்சு வேலை, இரும்பு வேலை கற்றுத் தரும் பிரிவும் இருக்கிறதாம். இருந்தால் நல்லது, ஆனால் அதற்காகக் கணக்கை விட வேண்டி வந்தால் அந்தப் பக்கம் போகாதே. காலேஜில் எல்லாப் பாடமும் இங்கிலீஷில்தான் நடக்கும். பிரெஞ்சில் படித்த உனக்கு அது தடுக்கும். தினமும் கொஞ்சம் படி, புரியாத சொல்லுக்கு வெட்கப்படாதே. பிரெஞ்சையும் கைவிடாதே என்று அவர் தனியாகச் சொன்னார். இந்த ஊர்ப் பாலமும் மதகும் வாய்க்காலும் எந்த ஆழத்தில் எப்படி நிற்கின்றன என்பது பழைய வரைபடங்களில் பிரெஞ்சில்தான் இருக்கிறதாம். அவற்றைப் படிக்கத் தெரிந்த இன்ஜினீயர் ஒருவர் இங்கே வேண்டும் என்றார். அதைக் கேட்டபோது எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. ஆனால் அந்த நினைப்பில் மயங்கி உட்கார்ந்துவிடாதே. அதற்கெல்லாம் முதல் வாசல் அந்தக் கணக்கு வகுப்பு.

உன் வாப்பாவைப் பற்றி யோசிப்பாய். பிரெஞ்சு படி, கடைக் கணக்கு எழுதப் பழகு, சைகோனுக்கு வந்துவிடு என்றுதான் அவர்கள் ஒவ்வொரு கடிதத்திலும் எழுதுகிறார்கள். அங்கே நிலைமை எப்படி இருக்கிறது என்று அவர்களே தெளிவாக எழுதுவதில்லை. கடைசியாக வந்தவர் சொன்னதைக் கேட்டால், இங்கிருந்து போனவர்களே திரும்பி வந்துகொண்டிருக்கிறார்கள் என்று தெரிகிறது. நான் இதுவரை எதையும் அவர்களைக் கேட்காமல் முடிவு செய்ததில்லை, உனக்குச் சுன்னத் வைத்த நாள்கூட அவர்கள் குறித்துக் கொடுத்ததுதான். இது அவர்கள் பதிலுக்குக் காத்திருக்க முடியாத காரியம். அதனால் நான் முடிவு செய்கிறேன். நீ கணக்கு வகுப்புக்கு மாறு. வாப்பாவுக்கு நான் இவளை வைத்து எழுதிக்கொள்கிறேன். கோபம் வந்தால் என் மேல் வரட்டும். ‘உம்மா சொன்னாங்க’ என்று நீ தைரியமாகச் சொல்லலாம்.

எப்படிக் கேட்பது என்று உனக்குத் தயக்கமாக இருக்கும், எனக்கும் இருந்திருக்கும். உன் தங்கை கேட்டதைப் பக்கத்தில் நின்று பார்த்ததால் சொல்கிறேன். குரல் நடுங்கினால் நடுங்கட்டும், அவள் குரலும் நடுங்கத்தான் செய்தது. தலை குனிந்திருந்தாலும் பரவாயில்லை, சொல் மட்டும் முழுசாக வெளியே வர வேண்டும். சலாம் சொல்வது போல, சார் வணக்கம் என்று சொல். நடந்ததை மறைக்காதே. நான் காரைக்காலில் மீட்டரில் படித்தேன், அடிக்குப் பத்து அங்குலம் என்று நினைத்துத் தப்பாகப் போட்டேன், இப்போது அளவுகளைப் படித்துக்கொண்டேன், இன்னொரு சோதனை வையுங்கள், இப்போதே இங்கேயே போட்டுக் காட்டுகிறேன் என்று சொல். அவர் சிரித்தால் நீயும் சிரி, ஆனால் சிரித்துவிட்டு வெளியே வந்துவிடாதே. அங்கேதான் நீ தவறிவிடுவாய் என்று எனக்குப் பயமாக இருக்கிறது. உனக்குச் சிரித்து மழுப்ப வரும். போன ஞாயிற்றுக்கிழமை என்னையே அப்படித்தான் ஏமாற்றிவிட்டுப் போனாய். போவதற்கு முன்னால் அடி, அங்குலம், கெஜம், பவுண்டு, காலன் என்று அந்தப் பக்கத்து அளவுகளை எல்லாம் சின்னம்மா மகனிடம் கேட்டு மனதில் ஏற்றிக்கொள். அவன் சின்னவன்தானே என்று நினைக்காதே, அவன் அந்தக் கணக்கிலேயே பிறந்து வளர்ந்தவன்.

இறால் முடிந்துவிட்டது, என் பேச்சும் ஏறக்குறைய முடிந்துவிட்டது. இந்த இறாலை வைத்து வாடா சுட்டு மாமா கையில் கொடுத்தனுப்புகிறேன், சின்னம்மா பிள்ளைகளோடு பங்கு போட்டுச் சாப்பிடு. அல்லாஹ் உன் நாக்கில் இருக்கும் முடிச்சை அவிழ்க்கட்டும். உன் உம்மா.

இதற்குக் கீழே எழுதுவது உங்கள் தங்கை. உம்மா கை கழுவக் கிணற்றடிக்குப் போயிருக்காங்க. கடைசியில் இன்னும் ஒன்று எழுதச் சொன்னாங்க. ஹெட்மாஸ்டர் முடியாது என்று சொல்லிவிட்டால் மனம் உடைந்துபோகாதே, அல்லாஹ் நாடியது அவ்வளவுதான் என்று கொடுத்த வகுப்பிலேயே உட்கார்ந்து படி, அதுவும் நல்லதுக்குத்தான் என்று எழுதச் சொன்னாங்க. எழுதிட்டியா என்று கேட்டாங்க, தலையை ஆட்டினேன். நான் அதை உம்மாவின் பெயருக்கு மேலே எழுதவில்லை, நானா. திங்கட்கிழமை போய்க் கேளுங்க. முடியாது என்று சொன்னால், செவ்வாய்க்கிழமையும் போய்க் கேளுங்க.